லாக்புக் இல்லாத ஹோம்பில்ட்: தேடுவதா, திறப்பதா, பிரிப்பதா?

தென்னாப்பிரிக்காவின் நாட்டால் மாகாணப் பக்கம் ஒரு பண்ணை ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், ஆர்.வி-6 ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வான்ஸ் நிறுவனம் பாகங்களாக விற்கும் கிட்டிலிருந்து ஒருவர் சொந்தக் கையால் கட்டிய ஹோம்பில்ட் விமானம் அது. டயர் இரண்டும் சப்பிவிட்டன. விதானத்தின் மேல் பழைய போர்வை, போர்வையின் மேல் புறா எச்சம். பக்கவாட்டில் இசட்.யு என்று தொடங்கும் பதிவெழுத்து இன்னும் பளிச்சென்று தெரிகிறது. கட்டியவர் காலமாகிவிட்டார். பறந்த மணியும் பார்த்த பழுதும் எழுதிய லாக்புக் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதே ரகம் பறக்கும் நிலையில் என்ன விலைக்குப் போகிறதோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குத் தருகிறார்கள். டர்பனிலோ லெனேசியாவிலோ வாரக்கடைசியில் விமானம் ஓட்டும் நம்மவர் ஒருவரின் காதில் இந்தச் செய்தி விழுந்தால், அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது.

அவர் முன்னால் நான்கு வழிகள் உண்டு. தொலைந்த காகிதத்தைத் தேடிப் பிடித்து, பழைய வரலாற்றோடு விமானத்தைப் பறக்கவைக்கலாம். காகிதம் போனது போகட்டும் என்று விமானத்தையே திறந்து பார்த்து, புதிய வரலாறு எழுதலாம். பிரித்து உதிரியாக விற்கலாம். அல்லது கும்பிடு போட்டுவிட்டு, காகிதம் உள்ள வேறொன்றை வாங்கலாம்.

எது சரி என்பது விமானத்தின் அழகைப் பொறுத்ததல்ல, எந்தக் காகிதம் தொலைந்தது என்பதைப் பொறுத்தது. விமானக் காகிதங்கள் இரண்டு சாதி. ஒன்று, இது யாருடையது, எது, எந்த வகையில் பதிவானது என்று சொல்வது. மற்றது, எத்தனை மணி பறந்தது, என்ன பழுது பார்த்தார்கள் என்று சொல்வது. இரண்டாவது சாதிக் காகிதத்துக்குப் பதிலாக உழைப்பையும் பணத்தையும் வைக்கலாம். முதல் சாதிக்கு எதையும் வைக்க முடியாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: இன்ஜின் மணிக்கணக்கைப் பற்றி மாதக்கணக்கில் கவலைப்பட்டுவிட்டு, விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று கடைசி நாளில் கேட்கிறார்கள்.

முதலில் உரிமை

கட்டியவர் இறந்திருந்தால், மனைவியோ மகனோ கையெழுத்திட்டுக் கொடுக்கும் ரசீது போதாது. தென்னாப்பிரிக்காவில் இறந்தவரின் சொத்தை விற்க, உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமித்த எக்ஸிகியூட்டரின் கையெழுத்து வேண்டும். மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்கு உட்பட்டதென்றால் எளிய அதிகாரக் கடிதம் ஒன்று கிடைக்கும். அதற்கு மேல் போனால் முறையான எக்ஸிகியூட்டர் கடிதம். அதன் சான்றிட்ட நகல் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஹேங்கர் வாடகை பாக்கி. பல வருடம் நின்ற விமானத்துக்குப் பல வருட வாடகை நின்றிருக்கும். நில உரிமையாளர் பாக்கி தீரும்வரை பொருளை வெளியே விடமாட்டேன் என்றால், அவர் பக்கமும் சட்டம் உண்டு. பாக்கி இல்லை என்று அவரிடமே எழுதி வாங்குங்கள்.

பிறகு பெயர். சிவில் ஏவியேஷன் ஆணையத்தின் பதிவேட்டில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இடையில் ஒருவர் வாங்கி, தன் பெயருக்கு மாற்றாமலே இன்னொருவருக்கு விற்றிருப்பது சர்வசாதாரணம். அப்படியானால் நடுவில் உள்ள ஒவ்வொருவரிடமிருந்தும் விற்பனைப் பத்திரம் வேண்டும். பத்திரம் கிடைக்காத இடத்தில், உறுதிமொழி ஆணையர் முன் கையெழுத்திட்ட அஃபிடவிட். பக்கத்துக் காவல் நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்து இன்னும் இங்கே பதிவாகாத விமானம் என்றால், பழைய நாட்டின் பதிவை நீக்கிய சான்று தேவை. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 18ஆம் பிரிவுப்படி ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் செல்லுபடியாகப் பதிவாகியிருக்க முடியாது.

கடைசியாகத் தகடு. விமான உடலில் பொருத்திய தகட்டிலுள்ள வரிசை எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தகட்டைச் சுற்றியுள்ள ரிவெட் ஆணிகள் மட்டும் புதிதாக மின்னினால், கேள்வி கேட்கவேண்டிய இடம் அது. உடைந்துபோன ஒரு விமானத்தின் தகட்டைக் கழற்றி வேறோர் உடலில் அடித்திருக்கலாம்.

இவற்றில் ஒன்று தேறாவிட்டாலும், பறக்கவைக்கும் இரண்டு வழிகளும் அங்கேயே அடைபடுகின்றன. உரிமை தேறி, தகடு மட்டும் தேறவில்லை என்றால் பிரித்து விற்கும் வழி மிச்சம். உரிமையே தேறவில்லை என்றால் அதுவும் இல்லை.

தேடும் வழி

செலவு குறைந்த வழி இது, ஆனால் பொறுமையைத் தின்னும். எங்கே தேடுவது என்று தெரிந்தவருக்கு, தொலைந்ததாகச் சொல்லப்பட்டதில் பாதியாவது திரும்பக் கிடைத்துவிடும்.

முதல் இடம் ஆணையத்தின் கோப்பு. இசட்.யு எழுத்து, ரகத்தின் வடிவமைப்புக்கு அரசு தரும் வகைச் சான்று பெறாத விமானங்களுக்கானது. அவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடையாது. பறக்கும் அனுமதிதான், ஹேங்கர் பேச்சில் ஏ.டி.எஃப். விதித்தொகுப்பில் 24ஆம் பகுதி இவற்றின் தகுதியையும், 44ஆம் பகுதி பராமரிப்பையும், 94ஆம் பகுதி இயக்கத்தையும் பேசுகிறது. முதல் அனுமதிக்குக் கொடுத்த விண்ணப்பம், எடைத்தாள், பின்னால் புதுப்பித்தபோது கொடுத்த தாள்கள் எல்லாம் கோப்பில் இருந்தால், புதுப்பித்த ஒவ்வொரு முறையும் எழுதிய மணிக்கணக்கு ஒரு சங்கிலியாகக் கிடைக்கும். கேட்டும் பதில் வராவிட்டால், 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ், பேச்சு வழக்கில் பயா, எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதில் தர 30 நாள் கெடு. விண்ணப்பத்தைப் பதிவான உரிமையாளர் பெயரில், அதாவது எக்ஸிகியூட்டர் மூலமாகவே கொடுப்பது நல்லது. அந்நியர் கேட்டால் பிறர் விவரம் என்று பாதியை மறைத்துவிடுவார்கள்.

இரண்டாவது இடம், கடைசியாகக் கையெழுத்திட்ட ஏ.பி. இங்கே ஹோம்பில்ட்டைப் பார்ப்பவர் அப்ரூவ்ட் பெர்சன் என்ற அங்கீகாரம் பெற்றவர். பல ஏ.பி.க்கள் தாங்கள் கையெழுத்திட்ட பக்கத்தின் நகலை வைத்திருப்பார்கள். வருடாந்தரச் சோதனைப் பட்டியல் ஒன்று கிடைத்தாலே தங்கம்.

மூன்றாவது, ஃப்ளைட் ஃபோலியோ. லாக்புக் தொலைந்தாலும் இது இருக்கைப் பையிலேயே கிடக்கும். ஒவ்வொரு பறப்பும் அதில் வரியாக இருக்கும். குறையும் வரிகளுக்குப் பழைய உரிமையாளரின் பைலட் லாக்புக், தரையிறங்கும் கட்டண ரசீதுகள், எரிபொருள் பில்கள். காக்பிட்டில் மின்னணுத் திரை இருந்தால் அதன் நினைவகத்தையும் பாருங்கள். நம் நாட்டுத் தயாரிப்பான எம்.ஜி.எல் கருவிகள் இங்கே ஏராளம். இன்ஜின் மணியும் பறப்புப் பதிவும் அதற்குள் இருக்க வாய்ப்புண்டு. பேட்டரியைக் கழற்றி வீசுவதற்கு முன்னும், மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன்னும் திரையைப் படம் எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பிறந்து கப்பலில் வந்த விமானமென்றால் ஒரு வசதி உண்டு. ஓக்லஹோமா சிட்டியில் உள்ள, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏவின் பதிவகம், N என்ற எழுத்தில் தொடங்கும் எந்தப் பதிவெண்ணுக்கும் உரிய முழுக் கோப்பையும் 10 டாலருக்கு யாருக்கும் கொடுக்கும். விற்பனைப் பத்திரங்கள், அனுமதிக்கு எழுதிய விண்ணப்பம், சொந்தக் கையால் கட்டியதென்று உறுதிகூறும் 8130-12 படிவம் ஆகியவை அதில் இருக்கும். பராமரிப்பு லாக்புக் இருக்காது, அது அங்கே உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் முன்னே சொன்ன முதல் சாதிக் காகிதம் முழுக்க 10 டாலருக்குக் கிடைத்துவிடுகிறது. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்களை என்ன சொல்வது?

கட்டுமானக் கோப்பு தனி விஷயம். அமெச்சூர் கட்டுமானம் என்ற வகை, பெரும்பகுதியைக் கட்டியவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்தார் என்பதில் நிற்கிறது. முன்பே ஏ.டி.எஃப் வாங்கிப் பறந்த விமானத்துக்கு அந்தக் கேள்வி ஒருமுறை தீர்க்கப்பட்டுவிட்டது. ஒருபோதும் பறக்காமல் பாதியில் நின்ற கிட்டுக்கு அப்படியல்ல. கட்டும்போது எடுத்த படங்களோ, இறக்கையை மூடுவதற்கு முன் ஏ.பி பார்த்த குறிப்போ இல்லையென்றால், கட்டியவர் யார் என்பதையே நிரூபிக்க முடியாது. பாதிக் கிட்டில் காகிதம் தொலைவது, பறந்த விமானத்தில் தொலைவதைவிட மோசம். விலை இன்னும் மலிவாக இருப்பதால் ஏமாறுவதும் அங்கேதான் அதிகம். 2022, 2023 வாக்கில் வான்ஸ் நிறுவனம் லேசரால் வெட்டிய பாகங்களில் விரிசல் பிரச்சினை எழுந்ததும், 2023 டிசம்பரில் அது திவால் பாதுகாப்புக்குப் போனதும் தெரிந்ததே. அந்தக் காலத்துக் கிட்டில் எந்தப் பாகத்தை மாற்றினார்கள், எதை அப்படியே வைத்து ரிவெட் அடித்தார்கள் என்று குறிப்பு இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

திறக்கும் வழி

தேடியும் பராமரிப்பு வரலாறு கிடைக்கவில்லை, உரிமையும் அடையாளமும் சுத்தம் என்றால், இந்த வழி. கொள்கை எளிது: எழுதிவைக்காத எதுவும் நடக்கவில்லை என்று கருதுவது. விற்பவர் "இன்ஜின் 300 மணிதான் ஓடியிருக்கிறது, எனக்கே தெரியும்" என்பார். நல்ல மனிதராகவே இருக்கலாம். கணக்கில் அது பூஜ்யம்.

சுத்தியலைத் தொடுவதற்கு முன் ஏ.பி.யைப் பிடியுங்கள். எதைத் திறந்தால் கையெழுத்திடுவார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தனியாக ஆறு மாதம் வேலைபார்த்துவிட்டுக் கூப்பிட்டால், ஒட்டிய இடத்தையெல்லாம் மறுபடி பிரிக்கச் சொல்வார். அவர் சொல்வது நியாயமாகவும் இருக்கும்.

உடலில் தொடங்குங்கள், இன்ஜினில் அல்ல. உடல் தேறாவிட்டால் இன்ஜினுக்குச் செய்த செலவு பாழ். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு ஹோம்பில்ட்டுக்குச் செல்லாது. இடது இறக்கையைக் கட்டியவர் நிதானமாகக் கட்டியிருப்பார். வலது இறக்கைக்கு வரும்போது அலுப்பு தட்டி, மச்சானை விட்டு ரிவெட் அடிக்கச் சொல்லியிருப்பார். எல்லா மூடியையும் திறக்க வேண்டும்.

அலுமினிய உடலில் ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புக் கோடு வழிந்திருந்தால், அது புகை அல்ல. ரிவெட் தளர்ந்து உலோகம் உலோகத்தோடு உராய்ந்த தூள். ஒன்றிரண்டென்றால் மாற்றலாம். வரிசையாக இருந்தால் உள்ளே, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் இணைப்பைப் பாருங்கள். ஆர்.வி-6, 7, 8 ரகங்களில் கிடைமட்ட வாலின் முன் ஸ்பாரில் விரிசல் வரும் என்று வான்ஸ் 2014இல் அறிக்கை விட்டது. வலுவூட்டும் தகடு பொருத்தியிருக்கிறதா என்று வால் உடலோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அந்த ஒரு இடம், முந்தைய உரிமையாளர் அறிக்கைகளைப் படித்துச் செய்பவரா இல்லையா என்பதையும் சொல்லிவிடும்.

போல்ட்டுகளைத் தலையைப் பார்த்தே பிரிக்கலாம். விமானத்துக்கான ஏ.என் போல்ட்டின் தலையில் பெருக்கல் குறியோ நட்சத்திரமோ இருக்கும். மூன்று கோடு அல்லது ஆறு கோடு விரிந்திருந்தால் அது ஹார்ட்வேர் கடைச் சரக்கு. ஒன்று கண்ணில் பட்டாலும் எல்லாவற்றையும் பாருங்கள். மறுபடி முறுக்கும்போது நட்டைத் திருப்பும் விசை, ஏ.என்-3 அளவு போல்ட்டுக்கு 20 முதல் 25 இஞ்ச் பவுண்டு, ஏ.என்-4க்கு 50 முதல் 70. சுழலும் இணைப்பில் நைலான் நட் இருந்தால் தவறு. அங்கே பள்ளம் வெட்டிய நட்டும் காட்டர் பின்னும்தான் இருக்க வேண்டும்.

குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்திய புஷ்பேபி, கிட்ஃபாக்ஸ் போன்றவற்றில் துரு எப்போதும் வாலடியில், கீழ்க் குழாயில் தொடங்கும். வால் சக்கர விமானம் நிற்கும் கோணத்தில் தண்ணீர் அங்கேதான் தேங்கும். கூர்மையான ஊசியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் குழாயை வெட்டி மாற்ற வேண்டும், துணியையும் கிழிக்க வேண்டும். பாலியெஸ்டர் துணியைக் கொல்வது வெயில். பெயிண்ட்டுக்கு அடியில் வெள்ளிப் பூச்சு சரியாக இல்லையென்றால், பார்க்க நன்றாக இருக்கும் துணியும் சோதனை ஊசிக்குக் கிழியும். இந்த ரகங்களின் பெரிய நன்மை, துணியை உரித்தால் எலும்பு முழுவதும் கண்ணுக்குத் தெரிவது. மறைக்க எதுவும் இல்லை.

ஃபைபர் விமானத்திலும் மர விமானத்திலும் நிலைமை வேறு. ஒட்டுப் பசை எந்த விகிதத்தில் கலந்தார்கள், எந்த வெப்பத்தில் இறுகியது என்பதைக் காசால் தட்டி ஓசை கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. தட்டினால் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும், அவ்வளவுதான். ஒட்டியிருந்தும் பலவீனமான இடம் நன்றாகவே ஒலிக்கும். எங்கள் கருத்து கறாரானது: கட்டுமானக் குறிப்பு இல்லாத ஃபைபர், மர ஹோம்பில்ட் இரண்டும் திறக்கும் வழிக்கு ஏற்றவை அல்ல. திறந்தாலும் உள்ளே படிக்க எதுவும் இல்லை.

எங்கே நின்றது என்பதும் கணக்கில் சேரும். டர்பன் வர்ஜீனியா விமான நிலையம் போலக் கடலை ஒட்டிய இடத்தில் நின்றதற்கும், கரூவின் வறண்ட காற்றில் நின்றதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வடகரையில் கரும்புத் தோட்டம் எரிக்கும் காலத்தில் பறந்து வரும் கரிச்சாம்பல், திறந்த ஹேங்கரில் ஒவ்வொரு மடிப்பிலும் போய்ப் படியும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். இறக்கை வேரும் இருக்கைக்கு அடியும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

இப்போது இன்ஜின். பல நாள் நின்ற லைக்கமிங் இன்ஜினை முதலில் கையால் சுற்றிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் ஆசை. செய்யாதீர்கள். லைக்கமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குக்கு மேலே இருக்கிறது. நின்றதும் எண்ணெய் வடிந்துவிடும், கேம் காய்ந்து துருப்பிடிக்கும். துருவோடு சுற்றினால் கேம் முனை தேய்ந்து, அந்த இரும்புத்தூள் இன்ஜின் முழுக்கப் பரவும். மேல் பிளக்குகளைக் கழற்றி, போரோஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். பிறகு ஒரு சிலிண்டரைக் கழற்றினால் அருகிலுள்ள கேம் முனைகளும் டாப்பெட் முகங்களும் தெரியும். பள்ளம் பள்ளமாக இருந்தால் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. சுத்தமாக இருந்தால்தான் 80 பி.எஸ்.ஐ. காற்றுக் கசிவுச் சோதனை. 60க்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருந்தாலோ, காற்று எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். சைலன்சரில் என்றால் வெளியேற்றும் வால்வு, எண்ணெய் மூடியில் என்றால் ரிங். லைக்கமிங் பரிந்துரைக்கும் முழுப் பிரிப்பு இடைவெளி பல ரகங்களுக்கு 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. மணி தெரியாத இன்ஜின் 12 ஆண்டைத் தாண்டியிருந்தால், பிரித்துக் கட்டும் செலவை முதல் நாளே கணக்கில் போட்டுவிடுங்கள். ப்ரொப்பெல்லர் எப்போதாவது தரையில் பட்டதா என்பதும் லாக்புக்கில்தான் இருந்திருக்கும். அதுவும் தெரியாது என்பதால் கிராங்கின் பின்பக்கப் பற்சக்கரத்தையும் அதன் போல்ட்டையும் பார்த்தே ஆக வேண்டும். தீப்பொறி தரும் ஸ்லிக் மேக்னெட்டோவை 500 மணிச் சோதனைக்கு அனுப்புவது வேறு.

ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் என்றால் பயம் வேறு மாதிரி. ரப்பர் பாகங்கள் எல்லாம் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை: எரிபொருள், குளிர்நீர், எண்ணெய்க் குழாய்கள், கார்புரேட்டர் சாக்கெட், டயஃப்ரம். கார்புரேட்டர் மிதவைகள் இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தால் 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் எரிபொருள் ஊறிக் கனத்துவிட்டது, கார்ப் நிரம்பி வழியும். எண்ணெய்ப் பாதையில் காற்று புகுந்திருக்கும் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி காற்றை வெளியேற்றி எண்ணெய் அழுத்தம் காட்டியபின்தான் ஸ்டார்ட். வரிசை எண்ணைக் கொடுத்தால் விநியோகஸ்தரிடம் எந்த அறிக்கைகள் பொருந்தும் என்று தெரிந்துகொள்ளலாம். இந்த ஒரு காரணத்தாலேயே, வரலாறு தெரியாத ரோட்டாக்ஸ் வரலாறு தெரியாத லைக்கமிங்கைவிடக் கொஞ்சம் நம்பிக்கை தருவது.

எரிபொருள் ஓட்டத்தை அளக்காமல் யாரும் பறக்கக் கூடாது. பம்ப் உள்ள அமைப்பில், எழும்பும்போது இன்ஜின் குடிக்கும் அளவில் 125 சதவீதம் வர வேண்டும். புவியீர்ப்பில் இறங்கும் அமைப்பில் 150 சதவீதம். 160 குதிரைசக்தி லைக்கமிங் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 55 லிட்டர் குடிக்கும். பம்ப் அமைப்பில் மணிக்கு 69 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 1.15 லிட்டர் வாளியில் விழ வேண்டும். ரோட்டாக்ஸ் 912 யு.எல்.எஸ் 27 லிட்டர் குடிப்பது. மேலிறக்கையிலிருந்து தானாக இறங்கினால் நிமிடத்துக்கு 0.68 லிட்டர் வேண்டும். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் குறைந்தபட்ச எரிபொருளோடு செய்யுங்கள். குறைந்தால் முதல் சந்தேகம் டேங்க் காற்றுக்குழாயில் குளவி கட்டிய மண்கூடு. இரண்டாவது, பழைய ஆர்.வி டேங்குகளுக்குள் ஊற்றிய கசிவடைப்புப் பூச்சு உரிந்து வடிகட்டியை மூடியிருப்பது.

பழைய எடைத்தாள் கிடைத்தாலும் மறுபடி எடை போடுங்கள். உதாரணத்துக்கு வால் சக்கர விமானம் ஒன்று: இடது சக்கரம் 236 கிலோ, வலது 234, வால் 24. அளவைத் தொடக்கத்திலிருந்து முன் சக்கரங்கள் 1.50 மீட்டர், வால் 6.00 மீட்டர். 470ஐ 1.50ஆல் பெருக்கினால் 705, 24ஐ 6ஆல் பெருக்கினால் 144. கூட்டுத்தொகை 849ஐ மொத்த எடை 494ஆல் வகுத்தால் ஈர்ப்புமையம் 1.72 மீட்டர். வால் தராசு வெறும் 4 கிலோ தவறாகக் காட்டினால் மையம் சுமார் 3.5 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. சிறு விமானங்களில் அனுமதித்த வீச்சே கையகலம்தான். தராசுகளைப் பரிசோதித்த சான்றோடு வாங்கி வாருங்கள், விமானத்தைப் பறக்கும் மட்டத்தில் நிறுத்தி அளந்து கொள்ளுங்கள், ஹேங்கர் கதவை மூடுங்கள். காற்று இறக்கையைத் தூக்கினால் கணக்கு பொய்.

இத்தனையும் முடிந்தபின் புதிய லாக்புக் தொடங்கலாம். முதல் பக்கத்தில் பழைய பதிவுகள் தொலைந்தன என்று ஒளிக்காமல் எழுதி, அஃபிடவிட்டின் நகலை ஒட்டி, தெரிந்த மணிக்கணக்கை அதன் ஆதாரத்தோடும் தெரியாததைத் தெரியாது என்றும் குறிப்பிட வேண்டும். அனுமானத்தைக் கணக்காக எழுதுவதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய தப்பு. காப்பீட்டுக்காரர் பின்னால் அந்த ஒரு வரியைத்தான் பிடிப்பார்.

பிரிக்கும் வழியும் விலகும் வழியும்

பிரித்து விற்பதைப் பலர் தோல்வி என்று நினைக்கிறார்கள். ஃபைபர் உடல், அடையாளத் தகராறு, துருப்பிடித்த ஸ்பார் ஆகிய மூன்றுக்கும் இதுதான் நல்ல முடிவு. ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், மின்னணுத் திரை, சக்கரம், பிரேக், இருக்கை ஆகியவை வேலைசெய்வதைக் காட்டினாலே விலைபோகும். இன்ஜினைப் பிரித்துக் கட்டவேண்டிய கட்டை என்ற விலைக்குத்தான் விற்க முடியும், மணிக்கணக்கு சொல்லாதீர்கள். ப்ரொப்பெல்லருக்குக் காகிதம் இல்லையென்றால் சுவரில் மாட்டும் அலங்காரம். இறக்கையையும் உடலையும் மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வெட்டுவது நல்லது, தகட்டோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இன்னொருவர் அதிலிருந்து ஒரு விமானத்தை உயிர்ப்பிக்கப் பார்ப்பார்.

காகிதம் உள்ளதை வாங்குவதற்குச் சொல்லவேண்டியது குறைவு: முதல் நாள் கசக்கும், பிறகு பறக்கலாம்.

கணக்கு

பறக்கும் நிலையில், காகிதத்தோடு உள்ள அதே ரகத்தின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ளது 33. இன்ஜினை மோசமான நிலை என்றே கருதிப் பிரித்துக் கட்டும் செலவுக்கு உங்கள் ஊர் விலை கேளுங்கள். அது 35 என்று வந்தால், ப்ரொப்பெல்லர் சரிபார்ப்பு, குழாய், டயர், பெல்ட், பேட்டரி, ஏ.பி.யின் நேரம், எடை, லாரி எல்லாம் சேர்த்து இன்னொரு 15. மொத்தம் 83. எதிர்பாராததற்குக் கால்பங்கு கூட்டினால் செலவுப் பகுதியான 50 மேல் 12 சேர்ந்து 95. மிச்சம் 5, அதற்குள் ஒன்றிரண்டு ஆண்டு ஹேங்கர் வாடகையும் அடங்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதோடு, விற்கும்போது வரலாறு தொலைந்த விமானத்துக்கு 100 கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த எண்கள் வெறும் மாதிரி, உங்கள் எண்களைப் போடுங்கள். ஆனால் முடிவு எங்கே திரும்புகிறது என்பது தெரியும்: இன்ஜினில். கேம் சுத்தமாக இருந்து பிரிக்கவேண்டிய அவசியம் இல்லையென்றால் மொத்தம் 50ஐ ஒட்டி நிற்கும், திறக்கும் வழி லாபம். அழுக்காக இருந்தால் நஷ்டம். ஒரு சிலிண்டரைக் கழற்றும் அரைநாள் வேலைதான் முழு முடிவையும் தீர்மானிக்கிறது.

லாரிச் செலவைக் குறைவாகப் போடாதீர்கள். ஏ.டி.எஃப் காலாவதியான விமானத்தை வீட்டுக்குப் பறந்து கொண்டுவர முடியாது, தனி அனுமதி கேட்கவும் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். கிட்ஃபாக்ஸ் குடும்பத்து இறக்கைகளை மடித்து டிரெய்லரில் ஏற்றி, பக்கி என்ற பிக்கப் வண்டியால் இழுத்து என்-3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் தாண்டி ஒரு நாளில் கொண்டுபோய்விடலாம். ஆர்.வி-6இன் இறக்கையைக் கழற்றுவது அப்படியல்ல. ஸ்பார் போல்ட்டுகள் இறுக்கமாகப் பொருந்தியவை. சுத்தியலால் அடித்து வெளியே எடுத்தால் துளை கெடும்.

கடற்கரையிலிருந்து மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனைப் பறப்பு செய்பவர்கள் காற்றின் அடர்த்தியையும் கணக்கில் எடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ராண்ட் விமான நிலையம் 5,483 அடி உயரத்தில் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் அங்கே விமானத்துக்குக் காற்று சுமார் 8,600 அடியில் உள்ளதுபோல இருக்கும். கடல்மட்டத்தில் தெம்பாக ஏறிய இன்ஜின் அங்கே திணறும். முதல் பறப்புக்கு விடியற்காலையும், நீண்ட ஓடுதளமும், வீடுகள் இல்லாத சுற்றுப்புறமும் வேண்டும். வர்ஜீனியாவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டர்பன் நார்த் வீடுகள்.

ஹேங்கருக்கு முதல்முறை பார்க்கப் போகும்போது டார்ச், சிறு கண்ணாடி, ஊசி, போரோஸ்கோப், பதிவேட்டு விவரத்தின் அச்சு ஆகிய ஐந்தையும் கையோடு எடுத்துப் போங்கள். முன்பணம் கொடுக்கும் நிலை வந்தால், ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளை எழுதுங்கள்: எக்ஸிகியூட்டர் கடிதமும் பதிவேட்டுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பணம் திரும்ப வேண்டும், விற்பவர் சம்மதத்தோடு ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. கழற்றிய சிலிண்டரைப் புதிய கேஸ்கெட்டோடு திரும்ப மாட்டித்தருவது உங்கள் செலவு.